அறை நண்பர்களில் குடிப்பவர்களும் உண்டு, குடிக்காதவர்களும் உண்டு: செலவையும் பொறுப்பையும் எப்படிப் பிரிப்பது?

கேள்வி கேட்டவர்: விருதம்பட்டு மாடிவீடு

அனைவருக்கும் வணக்கம். நான் வேலூரில் ஒரு கல்லூரியில் இறுதியாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் ஒடுகத்தூருக்கு அருகில் ஒரு கிராமம். விடுதிச் செலவு கட்டுப்படியாகாததால் வகுப்பு நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து விருதம்பட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறோம். படிக்கிற பையன்களுக்கு வீடு தருவதில்லை என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக இருந்ததால், என் அப்பா நேரில் வந்து பேசி, ஒப்பந்தத்தில் தம் பெயரிலேயே கையெழுத்திட்டு முன்பணமும் கொடுத்தார்.

குடியைப் பற்றி எங்கள் ஆறு பேருக்கும் ஆறு விதமான எண்ணம். குடியாத்தத்திலிருந்து வந்த நண்பனின் தந்தை குடியாலேயே இறந்தவர் என்பதால் அவனுக்கு அந்த வாடையே ஆகாது. யாராவது பாட்டிலைத் திறந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு பாலாற்றுப் பாலம் வரை நடந்துவிட்டு வருவான். எனக்கு அவ்வளவு வெறுப்பு இல்லை. நான் குடிப்பதில்லை, அவ்வளவுதான். இருவர் சனிக்கிழமைதோறும் குடிப்பவர்கள்; மற்ற நாள்களில் தொடமாட்டார்கள், இருவருக்கும் ஓர் அரியர்கூடக் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இன்னொருவன் அடுத்தவர் காசில் கிடைத்தால் மட்டும் குடிப்பான். ஆறாமவன் போன பருவம் வரை இவர்களோடு சேர்ந்து குடித்துக்கொண்டிருந்தவன். இப்போது அதை நிறுத்திவிட்டுக் கஞ்சாவுக்கு மாறியிருக்கிறான். "சரக்கு ஈரலைக் கெடுக்கும், இது வெறும் செடி" என்பது அவன் வாதம்.

அவர்கள் மொட்டைமாடியில் உட்கார்ந்தால் நாங்கள் இருவரும் கீழே படித்துக்கொண்டோ படுத்துக்கொண்டோ இருப்போம். இதுவரை சண்டை என்று எதுவும் வந்ததில்லை. இப்போது பிரிவு உபசாரமாக இரண்டு நாள் ஏலகிரி போக வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. ஆளுக்குச் சமமாகப் பணம் போட வேண்டும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதி சரக்குக்குத்தான் போகிறது. "நண்பர்களுக்குள் என்னடா கணக்கு" என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்ல வருவதில்லை. அது மட்டுமல்ல, குடிக்காதவன் என்பதாலேயே வண்டி ஓட்டுவது, வாந்தியைக் கழுவுவது, வீட்டிலிருந்து அம்மா அழைத்தால் "தூங்குகிறான்" என்று சமாளிப்பது ஆகிய எல்லா வேலைகளும் என் தலையில் விழுகின்றன.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். சென்ற வாரம் சமையலறை அலமாரியில் ரசப்பொடி டப்பாவுக்குப் பின்னால் செய்தித்தாளில் மடித்து, ரப்பர் பேண்டு சுற்றிய பொட்டலம் ஒன்று என் கையில் அகப்பட்டது. அதைத் தொட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை. நண்பனைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. அப்பாவின் கையெழுத்தை நினைத்தால் சும்மா இருக்கவும் முடியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்ல வேண்டும்.


பதில்: சிப்காட் ஷிப்டு

தம்பி, பணக் கணக்கில் குழம்ப ஒன்றுமில்லை. நாங்கள் படித்த காலத்திலும் இதே தகராறு உண்டு. அறை வாடகை, பயணச் செலவு, சாப்பாடு ஆகியவை பொதுக் கணக்கு; சரக்கும் அதற்கான சோடா, சிகரெட்டு வகையறாவும் குடிப்பவர்களின் தனிக் கணக்கு. இதைக் கிளம்புவதற்கு முன்பே, எல்லாரும் தெளிவாக இருக்கும் ஒரு காலை நேரத்தில் சொல்லிவிட வேண்டும். மாடியில் இரண்டாவது சுற்று ஓடும்போது கணக்குப் பேசினால், நீங்கள் கஞ்சன் என்ற பெயரோடுதான் இறங்கி வருவீர்கள்.

"நண்பர்களுக்குள் என்ன கணக்கு" என்பவரிடம் திருப்பிக் கேளுங்கள்: நான் எனக்கு மட்டும் ஒரு சட்டை எடுத்துக்கொண்டு அதை ஆறாகப் பிரித்தால் ஒப்புக்கொள்வாயா? அடுத்தவர் காசில் மட்டும் குடிக்கிற அந்த நண்பர்தான் இந்த ஏற்பாட்டை மிகவும் எதிர்ப்பார் என்பது என் ஊகம்.

வண்டி ஓட்டும் பொறுப்பை மட்டும் ஏற்காதீர்கள். ஏலகிரி மலைப்பாதையில் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பின்னால் உட்கார்ந்திருப்பவன் போதையில் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், நீங்கள் எவ்வளவு நிதானமாக ஓட்டினாலும் வண்டி உங்கள் பேச்சைக் கேட்காது. காட்பாடியில் ரயில் ஏறி ஜோலார்பேட்டையில் இறங்கினால் மலைக்குப் பேருந்து கிடைக்கும். செலவும் குறைவு, யார் ஓட்டுவது என்ற கேள்வியும் எழாது.


பதில்: சனிக்கிழமைக்காரன்

நான் கேள்வியாளரின் எதிர்க்கட்சி. அதாவது சனிக்கிழமை குடிக்கிறவன். இந்த இழையில் எங்களுக்காகவும் ஒருவர் பேச வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

குடிக்கும் மாணவன் என்றதும் தள்ளாடிக்கொண்டு வகுப்புக்கு வருபவன், பெற்றோர் காசை அழிப்பவன், பெண்களிடம் வம்பு செய்பவன் என்ற ஒரே படம்தான் எல்லாருடைய மனத்திலும் ஓடுகிறது. எங்கள் வட்டத்தில் யாரும் அப்படி இல்லை. ஐந்து நாள் வகுப்பு, ஆய்வக அறிக்கை, வேலைவாய்ப்புத் தேர்வுக்கான தயாரிப்பு என்று ஓடிய பிறகு, ஒரு மாலை மூன்று பேர் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவதற்கு அது ஒரு காரணம். உண்மையைச் சொன்னால், குடிப்பதைவிடப் பேசுவதுதான் அதிகம். வீட்டில் அப்பாவுக்கு வேலை போனதை ஒருவன் முதன்முதலாக வாய்விட்டுச் சொன்னது அப்படி ஒரு மாலையில்தான்; குடிக்காத நண்பர்களிடம் அவன் அதைச் சொல்லியிருக்கவில்லை.

எங்களுக்கும் மனத்தாங்கல் உண்டு. குடிக்காதவர்கள் பலர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சைட் டிஷ் தட்டில் முக்கால்வாசியைக் காலி செய்துவிட்டு, மறுநாள் வகுப்பில் எங்களைக் "குடிகாரப் பசங்க" என்று அறிமுகப்படுத்துவார்கள். கணக்கைப் பிரிப்பதென்றால் சிக்கன் அறுபத்தைந்தையும் தனியாகப் பிரிக்க வேண்டும் என்பது என் பணிவான கோரிக்கை.

சமமாகப் பணம் கேட்பது தவறுதான். அதில் முந்தைய பதிலை ஏற்கிறேன். வாந்தியைக் கழுவச் சொல்வதும் அநியாயம். எங்கள் அறையில் எடுத்தவன்தான் கழுவ வேண்டும் என்பது விதி, அது மறுநாள் காலையாக இருந்தாலும். ஆனால் குடிக்காதவர்களை யாரும் வற்புறுத்துகிறார்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுவோம். கஞ்சா விஷயத்தில் நானும் கேள்வியாளரின் பக்கம்தான். அதை எங்கள் கூட்டத்தில் சேர்ப்பதில்லை.


பதில்: தோட்டப்பாளையம் தோழி

சனிக்கிழமைக்காரன் அவர்களுக்கு: "யாரும் வற்புறுத்துவதில்லை" என்று சொல்பவர் எப்போதுமே கோப்பையைக் கையில் வைத்திருப்பவராகவே இருக்கிறார். "இவன் இன்னும் பால்குடிப் பையன்", "ஒரு மூடி குடித்தால் செத்தா போய்விடுவாய்", "படத்தில் நீ மட்டும் கோக் வைத்திருந்தால் அசிங்கமாக இருக்கிறது" என்று பேசுவதையெல்லாம் நீங்கள் விளையாட்டுக் கணக்கில் எழுதிவிடுகிறீர்கள். முதலாமாண்டில், இன்னும் ஒரு நண்பர்கூட அமையாத ஊரில், மூத்த மாணவர் ஒருவர் ஊற்றிக் கொடுக்கும்போது வேண்டாம் என்று சொல்வது சுலபமன்று. சட்டையைப் பிடித்து ஊற்றினால்தான் வற்புறுத்தல் என்று வைத்துக்கொண்டால், நம் ஊரில் எந்தக் கல்லூரியிலும் வற்புறுத்தலே இல்லை என்றாகிவிடும்.

பெண்களின் நிலைமையை இங்கே யாரும் எடுக்கவில்லை என்பதால் சேர்த்துச் சொல்கிறேன். நான் தங்கியிருக்கும் மகளிர் விடுதியில் மாலை குறித்த நேரத்துக்குள் கையெழுத்திட வேண்டும். எங்களுக்குப் பார்ட்டி என்பது பெரும்பாலும் ஒருத்தியின் பிறந்தநாளுக்கு அறையில் கேக் வெட்டி, கதவைச் சாத்திக்கொண்டு ஆடிவிட்டு, வார்டன் தட்டும்போது விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்வது. என் வகுப்பில் குடிக்கிற பெண்களும் உண்டு. அவர்கள் அதை ஒளிக்க எடுக்கும் சிரமத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும். ஓர் இரவு விருந்தில் பத்துப் பையன்களும் இரண்டு பெண்களும் குடித்தார்கள் என்றால், திங்கட்கிழமை பேசப்படுவது அந்த இருவரை மட்டும்தான். பேசுகிறவர்கள் அந்தப் பத்துப் பேர்தாம் என்பது இதில் வேடிக்கை. அதைவிடக் கவலையானது, ஏதேனும் தவறு நடந்தால் அந்தப் பெண் புகார் கொடுக்கத் தயங்குவாள் என்பது. "நீ ஏன் அங்கே போனாய்" என்ற கேள்விதான் முதலில் வரும் என்று அவளுக்குத் தெரியும்.

குடிக்காத பெண்களும் ஒரே மாதிரி இல்லை. மத நம்பிக்கையால் விலகியிருப்பவர்கள் உண்டு. வீட்டில் நிறையப் பார்த்துவிட்டு வந்ததால் விலகியிருப்பவர்கள் உண்டு. விருப்பம் இருந்தும் பயத்தால் விலகியிருப்பவர்களும் உண்டு. நான் முதல் வகை. என் தோழி இரண்டாம் வகை. சண்டை வந்தால் நான் ஒதுங்கிப் போவேன். அவள் பாட்டிலைப் பிடுங்கிக் கழுவுதொட்டியில் ஊற்றுவாள். கேள்வியாளர் தம் குடியாத்தம் நண்பரை ஏலகிரிக்கு அழைப்பதற்கு முன்பு அவருக்கு வர விருப்பமா என்று தனியாகக் கேட்டாரா?


பதில்: நீதிமன்ற வாசல்

சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகத்தில் வழக்கறிஞராக இருக்கிறேன். கேள்வியில் உள்ள மூன்று விஷயங்களும் சட்டத்தின் பார்வையில் மூன்று வேறு எடையுள்ளவை. அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டுவதுதான் மாணவர்கள் செய்யும் முதல் தவறு.

மதுவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு டாஸ்மாக் கடையில் விற்கக் கூடாது. ஆகவே இளநிலைப் பட்டப்படிப்பு மாணவர்களில் பெரும்பாலோர் சட்டப்படி அந்தக் கடை வரிசையில் நிற்கவே முடியாதவர்கள். விலை குறைவு என்று சித்தூர்ப் பக்கம் போய் வாங்கிக்கொண்டு கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி வழியாக வருவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பொது இடத்தில் போதையோடு காணப்படுவதும் குற்றமே. மது அருந்தி வண்டி ஓட்டினால், இரத்தத்தில் 100 மில்லிக்கு 30 மில்லிகிராமைத் தாண்டிய நிலையில், முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

கஞ்சா அப்படியன்று. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதற்குப் பொருந்தும். ஒரு கிலோவுக்குக் குறைந்தது சிறிய அளவு, இருபது கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. சிறிய அளவு வைத்திருந்தாலே ஓராண்டு வரை கடுங்காவலோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். பிரிவு 27இன் கீழ்ப் பயன்படுத்தியதற்கு மட்டும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. இதில் மாணவர்கள் அறியாத இரண்டு இடங்கள் இருக்கின்றன. நண்பர்களுக்காகச் சேர்த்து வாங்கி வருபவர் "நான் விற்கவில்லை, பகிர்ந்துகொண்டேன்" என்று சொன்னால் அது பயன்பாடு என்ற கணக்கில் முடிந்துவிடாது. வாங்குவதும் கொண்டுவருவதும் கொடுப்பதும் தனித்தனியே குற்றங்கள். அதற்கான பணத்தைச் சுற்றுலாக் கணக்கில் சேர்த்து கூகுள் பேயில் அனுப்பியிருந்தால், அனுப்பிய எல்லாருடைய பெயரும் விசாரணைக்கு வரும்.

உங்கள் தந்தை தொடர்பான கேள்விக்கு வருகிறேன். பிரிவு 25இன்படி, ஒரு வீட்டின் உரிமையாளரோ அதில் குடியிருப்பவரோ அதைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவரோ, தெரிந்தே அங்கு இச்சட்டத்துக்கு எதிரான குற்றம் நடக்க அனுமதித்தால், அந்தக் குற்றத்துக்குரிய தண்டனையே அவருக்கும் உண்டு. தெரிந்தே என்பதைக் கவனியுங்கள். ஊரில் இருக்கும் உங்கள் தந்தைக்கு எதுவும் தெரியாது. ஆகவே அவர்மீது குற்றத்தை மெய்ப்பிப்பது எளிதன்று, அலைக்கழிப்பு மட்டும் நிச்சயம். பொட்டலத்தை நேரில் பார்த்துவிட்ட உங்கள் நிலைமை வேறு. அது இன்னும் அலமாரியில் இருக்கிறது என்றால், இன்றிரவே அது அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று அதை வைத்தவரிடம் சொல்லுங்கள். நீங்களே எடுத்துக்கொண்டு போய் எங்கேயாவது போட முயலாதீர்கள். வழியில் சோதனை நடந்தால் அது உங்கள் பையில் இருந்த கஞ்சாதான். காட்பாடி ரயில் நிலையத்தில் வடக்கிலிருந்து வரும் வண்டிகளில் கஞ்சா பிடிபடும் செய்தி அடிக்கடி வருவதையும், அந்தச் சுற்றுவட்டாரத்தில் சோதனை கூடுதலாக இருப்பதையும் வேலூர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

உங்கள் நண்பருக்குச் சாதகமான ஒரு பிரிவும் அதே சட்டத்தில் இருக்கிறது. போதைக்கு அடிமையானவர், தாமாகவே முன்வந்து அரசாலோ உள்ளாட்சி அமைப்பாலோ நடத்தப்படும் அல்லது அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், பயன்பாட்டுக்காகவோ சிறிய அளவுக்காகவோ அவர்மீது வழக்கு நடத்துவதிலிருந்து பிரிவு 64ஏ விலக்களிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்த விலக்கை இழக்கவும் நேரிடலாம்.


பதில்: இரவுப் பணி

வேலூரில் செவிலியராக இருக்கிறேன். சனி, ஞாயிறு இரவுகளில் அவசரப் பிரிவுக்குத் தூக்கி வரப்படும் மாணவர்களைப் பார்ப்பவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல வேண்டும். நல்லவரா கெட்டவரா என்ற பேச்சுக்கே நான் வரவில்லை.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மில்லி. அதில் 42.8 விழுக்காடு சாராயச் சத்து. எடையில் சொன்னால் அறுபது கிராமைத் தாண்டும். ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழப் பத்துக் கிராமைத்தான் கரைக்கும். ஆகவே இரவு பத்து மணிக்கு ஒரு குவார்ட்டரை முடித்தவருக்கு விடியற்காலை நான்கு மணிக்கும் போதை முழுமையாக இறங்கியிருக்காது. மோர் கொடுப்பது, எலுமிச்சம்பழம் பிழிந்து தலையில் தேய்ப்பது, குளிர்ந்த நீரை ஊற்றுவது ஆகிய எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது. ஏலகிரிக் குளிரில் நள்ளிரவில் தண்ணீரை ஊற்றினால் உடல் வெப்பம் இறங்கி ஆபத்துத்தான் கூடும்.

உங்கள் அறையில் ஒருவர் அசைத்தாலும் கூப்பிட்டாலும் விழிக்கவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால், "தூங்கட்டும், காலையில் சரியாகிவிடும்" என்று விட்டுவிட்டுப் போகாதீர்கள். மல்லாந்து படுத்திருப்பவர் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலில் இறங்கி அவரைக் கொன்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மேல்காலை மடக்கி வையுங்கள், ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், 108ஐ அழையுங்கள். என்ன குடித்தார், எவ்வளவு குடித்தார், கூடவே மாத்திரை ஏதாவது போட்டாரா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். உடன் வரும் நண்பர்கள், கல்லூரிக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில், ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று கதை சொல்வார்கள். அந்தக் கதையைப் பிரித்தெடுக்க எங்களுக்குப் போகும் நேரம், படுத்துக் கிடப்பவருடைய நேரம்.

"இது வெறும் செடி" என்ற வாதத்துக்கு: ஊமத்தையும் அரளியும்கூடச் செடிதான். கஞ்சா பயன்படுத்தும் எல்லாரும் அடிமையாவதில்லை என்பது உண்மை. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் ஆகிறார், இளவயதில் தொடங்குவோரிடம் அந்த விகிதம் கூடுகிறது. குடும்பத்தில் யாருக்கேனும் மனச்சிதைவு நோய் இருந்திருந்தால் அவர் இதன் பக்கமே போகக் கூடாது. யாரோ தம்மைப் பின்தொடர்கிறார்கள், நண்பர்கள் தம்மைப் பற்றியே பேசுகிறார்கள் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் அதைக் கேலி செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இப்போது சில மாணவர்கள் வலி மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்கிறார்கள். அதைப் பற்றி எனக்குத் தயக்கமே இல்லை: மூச்சு நின்றுவிடும், ஒரே ஊசியைப் பகிர்ந்தால் எச்ஐவியும் கல்லீரல் அழற்சியும் தொற்றும். அப்படி ஒருவரைப் பார்த்தால் நட்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள்.

உதவிக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனையும் 14446 என்ற எண்ணில் போதை மீட்புக்கான ஆலோசனையும் கட்டணமின்றிக் கிடைக்கும். தமிழிலேயே பேசலாம்.


பதில்: ஓய்வுபெற்ற விரிவுரையாளர்

இந்த மாவட்டத்துக் கல்லூரிகளில் நெடுங்காலம் பாடம் நடத்தியவன். மாணவர்களின் மனப்பான்மை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன்.

இராஜாஜியின் ஆட்சியில் மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கி, அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939இல் நம் வட ஆர்க்காட்டுக்கும் வந்தது. பின்னர் மாநிலம் முழுவதும் இருந்த மதுவிலக்கு 1971இல் தளர்த்தப்பட்டு, 1974இல் மீண்டும் வந்து, 1981இல் மறுபடியும் விலக்கப்பட்டது. 1983இல் டாஸ்மாக் உருவாகி, 2003இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. எங்கள் தலைமுறை பையன்களுக்குக் குடி என்றால் அணைக்கட்டு மலைப்பக்கமிருந்து இரவில் டியூபில் வரும் சாராயம், போலீஸ், ஓட்டம். இன்றைய மாணவனுக்கு அது பிறந்ததிலிருந்து பார்த்துவரும் ஓர் அரசுக் கடை. பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. இரு தலைமுறைகளும் ஒன்றையே வெறுக்கவோ ஒன்றையே ஏற்கவோ இயலாது. "எங்கள் காலத்தில் இப்படி இல்லை" என்று நாங்கள் சொல்வது எங்களுக்கே திருப்தி தருவதற்காகத்தான்.

"எல்லாரும் குடிக்கிறார்கள்" என்று மாணவர்கள் சொல்வதும் அதே அளவுக்குப் பொய். 2019இல் வெளியான, எய்ம்ஸ் மருத்துவமனை நடத்திய தேசிய அளவிலான கணக்கெடுப்பின்படி, 10 வயதிலிருந்து 75 வயது வரையிலான இந்திய ஆண்களில் மது அருந்துவோர் 27.3 விழுக்காடு, பெண்களில் 1.6 விழுக்காடு. ஆண்களிலேயே ஏறத்தாழ நான்கில் மூவர் தொடுவதில்லை. இருந்தும் நம் கண்ணுக்கு மற்றவர்களே படுகிறார்கள், ஏனென்றால் குடிப்பது கூட்டமாகவும் சத்தமாகவும் நடக்கிறது. அறையில் படுத்துப் படம் பார்ப்பவனை யாரும் கவனிப்பதில்லை. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் பெர்க்கின்ஸ், பெர்கோவிட்ஸ் ஆகிய இருவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு, சக மாணவர்கள் குடியை எவ்வளவு ஏற்கிறார்கள் என்பதை மாணவர்கள் மிகைப்படுத்தியே மதிப்பிட்டார்கள் என்று காட்டியது. 1993இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பிரெண்டிஸ், மில்லர் ஆகியோர் செய்த ஆய்வில், வளாகத்துக் குடிப்பழக்கத்தைப் பற்றித் தமக்குள்ள அசௌகரியம் மற்றவர்களுக்கு இல்லை என்று பெரும்பாலான மாணவர்கள் நம்பியது தெரியவந்தது. அந்தப் பருவத்துக்குள் ஆண் மாணவர்களின் சொந்தக் கருத்து, இருப்பதாக அவர்கள் நம்பிய பொதுக் கருத்தை நோக்கி நகர்ந்தது. மாணவியரிடம் அந்த நகர்வு இல்லை. அமெரிக்க வளாகம் வேறு, காட்பாடி வேறு என்பதை அறிவேன். ஆயினும் "படத்தில் நீ மட்டும் கோக் வைத்திருந்தால் அசிங்கம்" என்று தோழி எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த ஆய்வுதான் நினைவுக்கு வந்தது.

ஆகவே கேள்வியாளருக்கு ஒரு யோசனை. உங்கள் வீட்டில் சரக்குக்குப் பணம் போட விருப்பமில்லாதவர் நீங்களும் குடியாத்தம் நண்பரும் மட்டும்தான் என்று எப்படித் தெரியும்? சனிக்கிழமைக்காரர்களில் ஒருவரிடமே தனியாகக் கேட்டுப் பாருங்கள்.


கேள்வி கேட்டவர்: விருதம்பட்டு மாடிவீடு

பதிலளித்த அனைவருக்கும் நன்றி. வழக்கறிஞர் ஐயாவின் பதிலைப் படித்த அன்றிரவே ஆறாம் நண்பனை மாடிக்கு அழைத்துப் போய்ப் பேசினேன். முதலில் சிரித்தான். பிரிவு 25ஐக் கைப்பேசியில் காட்டி, இதில் மாட்டப் போவது உன் பெயரோடு என் அப்பாவின் பெயரும்தான் என்றதும் சிரிப்பு நின்றது. பொட்டலம் இப்போது வீட்டில் இல்லை. அவன் விட்டுவிட்டான் என்று நான் நம்பவில்லை. வெளியே வைத்துக்கொள்கிறான் என்றே நினைக்கிறேன். தூக்கம் வருவதற்காகத்தான் தொடங்கினேன் என்று அவன் சொன்னது எனக்குப் புதிய செய்தி. இரவுப் பணி அக்கா கொடுத்த எண்களை அனுப்பியிருக்கிறேன். "பார்க்கலாம்" என்று மட்டும் பதில் வந்தது.

பேராசிரியர் ஐயா சொன்னபடி சனிக்கிழமை நண்பர்களில் ஒருவனிடம் கேட்டேன். அவனுக்கும் இந்தச் செலவு கட்டுப்படியாகவில்லையாம். மற்றவன் தவறாக நினைப்பான் என்று பேசாமல் இருந்திருக்கிறான். இப்போது கணக்கு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சிக்கன் அறுபத்தைந்து பொதுக் கணக்கிலேயே இருக்கிறது. ஜோலார்பேட்டை வரை ரயில்தான். குடியாத்தம் நண்பனைத் தனியாகக் கேட்டதற்கு, பகலில் வந்து படகுத்துறை, பூங்கா எல்லாம் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடுவதாகச் சொன்னான். இரவு தங்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

இன்னும் ஒரு கேள்வி மட்டும் வழக்கறிஞர் ஐயாவுக்கு. ஒப்பந்தம் முடிய இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அப்பாவின் பெயரை அதிலிருந்து இப்போதே எடுக்க முடியுமா? அப்பாவிடம் காரணத்தைச் சொல்லாமல் செய்ய வழி உண்டா?


பதில்: நீதிமன்ற வாசல்

வீட்டுக்காரர் சம்மதித்தால் பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்துவிட்டு, 18 வயது நிரம்பிய நீங்கள் ஆறு பேரும் சேர்ந்து கையெழுத்திட்டுப் புதியதை எழுதிக்கொள்ளலாம். முன்பணம் உங்கள் தந்தை கொடுத்தது என்பதைப் புதிய ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் வீட்டைக் காலி செய்யும்போது அந்தப் பணத்துக்கு ஆறு பேர் உரிமை கொண்டாடுவார்கள். பழையதை ரத்து செய்ய உங்கள் தந்தையின் கையெழுத்து தேவை. எனவே அவரிடம் சொல்லாமல் செய்ய வழியில்லை. எவ்வளவு சொல்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.